துப்பாக்கிக் குழலின் ‘சோக்’: தமிழில் சுருக்கு

“முதல் குழலுக்குக் கால் மூச்சுத் திணறல், இரண்டாவது குழலுக்கு அரை மூச்சுத் திணறல் வைத்துக்கொள்ளுங்கள்.”

பறக்கும் வட்டைச் சுடும் விளையாட்டுக்கு எந்தத் துப்பாக்கி வாங்கலாம், அதை எப்படி அமைத்துக்கொள்ளலாம் என்று இங்கிலாந்துக்காரர் ஒருவர் பொறுமையாக விளக்கும் காணொளி அது. யாரோ தமிழில் டப்பிங் செய்திருந்தார்கள். அவர் ‘சோக்’ என்று சொன்ன இடத்தில் எல்லாம் தமிழ்க் குரல் ‘மூச்சுத் திணறல்’ என்றது. இதே தவறை இதற்கு முன்பும் மூன்று நான்கு இடங்களில் கேட்டிருக்கிறேன். இனியும் பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். எந்திரம் வீசும் சின்ன வட்டை, அது காற்றில் போகும்போதே சுட்டு உடைக்க வேண்டும். வட்டு 11 செ.மீ. அகலம், 105 கிராம் எடை. ஆங்கிலத்தில் இதைக் ‘களிமண் புறா’ என்கிறார்கள். ஒரு காலத்தில் பெட்டியிலிருந்து உயிருள்ள புறாவைத் திறந்துவிட்டுச் சுட்டார்கள். 1880 வாக்கில் அமெரிக்காவின் சின்சினாட்டியைச் சேர்ந்த ஜார்ஜ் லிகோவ்ஸ்கி என்பவர் சுட்ட களிமண்ணால் வட்டு செய்தார். புறா போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. இன்றைய வட்டில் களிமண்கூட இல்லை. சுண்ணாம்புக்கல் தூளையும் கீலையும் சேர்த்து அழுத்திச் செய்கிறார்கள். ஆகவே நான் ‘வட்டு’ என்றே எழுதுகிறேன். வட்டு எறிதல் நமக்குத் தெரிந்த விளையாட்டுதானே. புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், வட்டு விலகி ஓடும் ‘டிராப்’ பிரிவில் சுட்டபோதுதான் நம் ஊரில் பலர் இந்த விளையாட்டைப் பற்றியே கேள்விப்பட்டார்கள். இதைத் தமிழில் எழுதவும் பேசவும் இப்போது தேவை வந்திருக்கிறது.

இந்தத் துப்பாக்கி ஒற்றைக் குண்டைச் சுடுவதில்லை. ஒரு தோட்டாவுக்குள் நூற்றுக்கணக்கான ஈய ரவை இருக்கும். 28 கிராம் தோட்டாவில் ஏறத்தாழ 400 என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இந்த ரவை ஒரு கூட்டமாகக் குழலைவிட்டு வெளியே வந்து, போகப் போகப் பரவும். எவ்வளவு பரவுகிறது என்பதில்தான் வட்டு உடைவதும் தப்புவதும் இருக்கிறது.

அந்தப் பரவலை அடக்குவதுதான் சோக். குழலின் உட்புறம் அடியிலிருந்து நுனி வரை ஒரே அகலமாக இல்லாமல், வாய்ப் பக்கம் கடைசிச் சில அங்குலத்தில் கொஞ்சம் ஒடுங்கியிருக்கும். அந்த ஒடுக்கத்தின் பெயர்தான் அது. சொல் பழைய ஆங்கிலத்தில் தொண்டை நெரிபடுவதைக் குறித்தது. தாடை, கன்னம் என்ற பொருளுள்ள சொல்லோடு அதற்கு உறவு சொல்வார்கள். பிறகு எந்தப் பாதையும் குறுகுவதற்கு வழங்கியது. துப்பாக்கிக் குழலுக்கு இந்த உத்தியை இங்கிலாந்தின் நியூகாசிலைச் சேர்ந்த பேப் என்ற துப்பாக்கித் தயாரிப்பாளர் 1866-ல் காப்புரிமை செய்தார். 1870-களில் பர்மிங்ஹாமின் கிரீனர் அதைச் செம்மைப்படுத்திப் பரப்பினார். டியூப்லைட் சோக்கும் பழைய பைக்கின் சோக்கும் இதே சொல்தான். ஒன்று மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது, மற்றது எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குறைக்கிறது. பைக் மெக்கானிக்கிடம் யாரும் ‘மூச்சுத் திணறலை இழுங்கள்’ என்று சொன்னதில்லை. துப்பாக்கிக்கு மட்டும் ஏன் சொல்கிறோம்? அகராதியைத் திறந்து, முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டுப் போவதால்தான். பொருள் பத்து இருந்தால், முன்னால் இருக்கும் பண்டத்துக்கு எது பொருந்தும் என்று ஒரு நிமிடம் பார்க்க வேண்டாமா?

சரி, இது எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய தவறு. என்னை உண்மையில் எழுத வைத்தது இன்னொரு சொல்.

சில மாதங்களுக்கு முன் விளையாட்டுக் கலைச்சொல் பட்டியல் ஒன்றைப் பார்த்துத் திருத்தித் தரும்படி என்னிடம் அனுப்பினார்கள். அதில் சோக்குக்கு ‘அடைப்பு’ என்று போட்டிருந்தது. கால் அடைப்பு, அரை அடைப்பு, முழு அடைப்பு. முழு அடைப்பு என்றால் தமிழ்நாட்டில் கடை மூடுவார்கள் என்பது இருக்கட்டும். அதை நான் பெரிய குறையாகச் சொல்லவில்லை. ஒரு சொல்லுக்கு இரண்டு இடத்தில் இரண்டு பொருள் இருக்கலாம். என் குறை வேறு. குழலில் அடைப்பு என்பது இந்த விளையாட்டில் ஏற்கெனவே ஒரு பொருளுள்ள சொல். அதுவும் உயிர் போகும் பொருள்.

அது எப்படி என்று சொல்ல, குழலின் அளவைக் குறிக்கும் ‘12 போர்’ (bore) என்பதில் இருந்து தொடங்குகிறேன். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் அகலம் எவ்வளவோ, அதுதான் 12 போர் குழலின் உள்ளகலம். 18.5 மில்லிமீட்டர் வரும். (இதை ‘12 துளைத் துப்பாக்கி’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். துப்பாக்கியில் பன்னிரண்டு துளை இல்லை.) 20 உருண்டையாக்கினால் உருண்டை சிறுக்கும், ஆகவே 20 போர் குழல் இன்னும் சிறியது. தவறிப்போய் 20 போர் தோட்டா ஒன்றை 12 போர் குழலில் போட்டால் அது உள்ளே வழுக்கிப் போய்ச் சிக்கிக்கொள்ளும். குழல் காலி என்று நினைத்து அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துச் சுடுகிறவரின் முன்கை சிதைந்துவிடும். 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்யும் வழக்கம் இந்தப் பயத்தால் வந்தது. தோட்டாவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் கிண்ணம் வெளியேறாமல் குழலில் தங்கினாலும் இதே ஆபத்துதான். அதனால் சுடும் சத்தம் வழக்கத்தைவிட மொக்கையாகக் கேட்டால் உடனே துப்பாக்கியைத் திறந்து குழலுக்குள் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இப்போது அந்தப் பட்டியலை நம்பி ஒருவர் பயிற்சிக் கையேடு எழுதுகிறார் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் ‘குழலில் அடைப்பு இருந்தால் எக்காரணம் கொண்டும் சுடாதீர்கள்’ என்று இருக்கும். மறுபக்கத்தில் ‘தூரத்து வட்டுக்கு முழு அடைப்பு உள்ள குழலால் சுடுங்கள்’ என்று இருக்கும். புதிதாக வந்த பிள்ளை எதை எடுத்துக்கொள்ளும்? மூச்சுத் திணறலாவது யாருக்கும் புரியாமல் போகும், கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். ‘அடைப்பு’ புரிந்த மாதிரி இருந்து தவறாகப் புரியும். அதுதான் மோசமானது.

பட்டியலைத் தயாரித்தவர் தொலைபேசியில் என்னோடு நெடுநேரம் வாதாடினார். நல்ல மனிதர், தமிழ் படித்தவர். “தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அடைத்தால் தண்ணீர் தூரம் போகுதுல்ல சார், அதே கதைதானே இது?” என்று கேட்டார். இந்த உவமையைப் பலர் சொல்கிறார்கள். ஆனால் பொருந்தாது. விரலை வைத்ததும் தண்ணீரின் வேகம் கூடுகிறது. சோக்கால் ரவையின் வேகம் பொருட்படுத்தும்படி கூடுவதில்லை. கூட்டம் கலையாமல் இன்னும் கொஞ்ச தூரம் சேர்ந்து போகிறது, அவ்வளவுதான். அப்புறம் அளவைப் பாருங்கள். முழு சோக் என்பது 18.5 மில்லிமீட்டர் குழல் வாயருகே ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் குறைவது. அரை என்றால் அரை மில்லிமீட்டர். கால் என்றால் அதிலும் பாதி. ஏறத்தாழ நகக்கனமே உள்ள இந்த வித்தியாசத்தை அடைப்பு என்று எந்தத் தமிழன் சொல்வான்?

ஆனால் அந்த நகக்கனம் செய்யும் வேலை பெரிது. 40 கெஜ தூரத்தில் ஒரு பெரிய தாளைக் கட்டிச் சுட்டு, ரவை அதிகம் பட்ட இடத்தைச் சுற்றி 30 அங்குல வட்டம் போட்டு எண்ணுவார்கள். ஒடுக்கமே இல்லாத குழல் என்றால் நூற்றுக்கு 40 ரவை அந்த வட்டத்துக்குள் இருக்கும். கால் என்றால் 55, அரை என்றால் 60, முழு என்றால் 70. கிட்டத்தில், 20 கெஜத்தில், ஒடுக்கமில்லாத குழலின் ரவைக் கூட்டம் ஏறத்தாழ 32 அங்குலம் பரவியிருக்க, முழு சோக்கில் அதில் பாதிதான் இருக்கும். அதனால் கிட்டத்தில் போகும் வட்டுக்கு முழு சோக் வைத்தால் கெட்டிக்காரர்கூடக் குறி தவறுவார்.

துப்பாக்கி தேர்ந்தெடுக்கும் பேச்சு இங்கேதான் தொடங்க வேண்டும். ஸ்கீட் என்ற பிரிவில் வட்டு கிட்டத்தில் குறுக்கே போகும். ஒடுக்கம் இல்லாத அல்லது மிகக் குறைந்த குழல் போதும், 28 அங்குலக் குழல் கைக்குச் சுறுசுறுப்பாகத் திரும்பும். ஒலிம்பிக் டிராப்பில் வட்டு சுடுகிறவரைவிட்டு விலகி ஓடும், 30 மீட்டருக்கு மேல் போன பிறகுதான் ரவை அதை எட்டும். அங்கே முக்காலும் முழுதும் வேண்டும், 30 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள குழல் நிதானம் தரும். எல்லாத் தூரத்திலும் எல்லாத் திசையிலும் வட்டு வீசும் ஆட்டங்களுக்குக் காலும் அரையும். ஒன்றன்மேல் ஒன்றாகக் குழல் உள்ள இரட்டைக்குழல் துப்பாக்கியில் இரண்டு குழலுக்கும் வேறு வேறு அளவு வைத்துக்கொள்ளும் வசதி இதற்காகத்தான். இப்போது பெரும்பாலான துப்பாக்கிகளில் வாயில் திருகிப் பொருத்தும் குட்டிக் குழாய்களாகவே வருகின்றன. ஈயத்துக்குப் பதில் எஃகு ரவை சுட்டால் அரைக்கு மேல் போகக் கூடாது. எஃகு ஈயம் மாதிரி நசுங்கிக் கொடுக்காது. உண்மையில் முதல் துப்பாக்கி வாங்குகிறவர் சோக்கைவிடத் தோளில் வைக்கும் கட்டையின் நீளத்தையும் உயரத்தையும்தான் அதிகம் கவனிக்க வேண்டும். துப்பாக்கியைத் தூக்கியதும் கண் நேராகக் குழலின் மேல் போய் நிற்காவிட்டால் எந்த சோக்கும் காப்பாற்றாது. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

சரி, சோக்குக்கு என்ன சொல் வேண்டும் என்கிறேன்? சுருக்கு. முழுப்பெயர் வாய்ச்சுருக்கு.

பாட்டியின் சுருக்குப் பையை நினைத்துக்கொள்ளுங்கள். பை அகலம், வாய் மட்டும் சுருங்கும், வேண்டிய அளவு இறுக்கலாம், தளர்த்தலாம், உள்ளே இருப்பது சிதறாது. குழலில் நடப்பதும் அதுதான். அளவு சொல்லவும் எளிது. கால்வாசிச் சுருக்கு, அரைச் சுருக்கு, முக்கால் சுருக்கு, முழுச் சுருக்கு. ஒடுக்கமே இல்லாததற்குச் சுருக்கில்லாக் குழல். திருகிப் பொருத்துவதற்குச் சுருக்குத் திருகி. ‘கால் சுருக்கு’ என்று மட்டும் எழுத வேண்டாம். காலில் மாட்டும் சுருக்கு என்று படும்.

சுருக்கு என்றால் முயலுக்கு வைக்கும் கம்பிச் சுருக்கு ஆயிற்றே, வேட்டையோடு குழம்பாதா என்று பட்டியலைத் தயாரித்தவர் கேட்டார். நியாயமான கேள்வி. கம்பிச் சுருக்கு வைப்பது, மாட்டுவது. குழலில் சுருக்கு இருப்பது. வினை வேறாக இருப்பதால் வாக்கியத்தில் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். அதோடு, பொருள் குழம்பினாலும் யாருடைய கையும் போகாது. ‘குவிப்பு’ என்றும் ஒரு சொல் கேள்விப்பட்டேன், அழகான சொல்தான். ஆனால் அது வேலையின் பெயர், உறுப்பின் பெயர் இல்லை. அரைக் குவிப்பு என்றால் எதில் அரை என்ற கேள்வி எழும்.

‘சோக்’ என்றே விட்டுவிடலாமே என்பவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. துப்பாக்கி என்ற சொல்லே துருக்கியிலிருந்து வந்தது. குறள் 12-ல் ‘துப்பாக்கி’ இருக்கிறதே என்று சிலர் பெருமையோடு காட்டுவார்கள். அங்கே அது துப்பு ஆக்கி, அதாவது உணவை உண்டாக்கி. மழையைப் பற்றிய குறள் அது. வந்த சொல் வந்த சொல்தான், அதை வைத்துக்கொண்டே தமிழ் நன்றாக வாழ்கிறது. தமிழ்ச் சொல் போடுவதென்றால் மட்டும் பண்டத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள் என்கிறேன். கூடவே ‘விலா எலும்பு’ என்று ஒரு வரி இருந்தது அந்தப் பட்டியலில். குழலின் மேல் நீளவாட்டில் ஓடும் தட்டைப் பட்டையைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள். மேல்பட்டை என்று மாற்றினேன். ‘அடைப்பு’ இருந்த வரியை அடித்து, ‘வாய்ச்சுருக்கு’ என்று எழுதி, அடைப்பு என்ற சொல்லைக் குழலில் ஏதாவது சிக்கியிருப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளும்படி பக்கத்தில் குறித்து அனுப்பியிருக்கிறேன்.