கர்ப்பப்பை எதில் தொங்குகிறது?

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் குரலைத் தாழ்த்திச் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "கர்ப்பப்பை எறங்கிருச்சு." அம்மாயி சொல்லக் கேட்டபோது, வயிற்றுக்குள் ஆணியில் மாட்டிய சுருக்குப்பை ஒன்று அறுந்து விழுந்ததாகவே நினைத்துக்கொண்டேன்.

பை என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்றுவது. கர்ப்பமில்லாத காலத்தில் அது 7, 8 சென்றிமீற்றர் நீளமுள்ள, கவிழ்த்த பேரிக்காய் போன்ற கெட்டித் தசை. உள்ளே வெற்றிடம் என்று பெரிதாக எதுவுமில்லை. முன்சுவரும் பின்சுவரும் ஒட்டியே கிடக்கும். முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல். மேல் மூலைகளிலிருந்து இரு கருக்குழாய்கள் சினைப்பைகளை நோக்கிப் போகும். குழாய் சினைப்பையோடு முழுதாக இணைந்திருப்பதில்லை. அதன் குஞ்ச நுனிதான் முட்டையை வாரி எடுக்கிறது. அது தனிக்கதை.

இவ்வளவும் ஏன் கீழே விழுவதில்லை? கர்ப்பப்பையின் கழுத்தைப் பக்கவாட்டிலிருந்தும் முதுகெலும்பின் அடிப்பகுதியிலிருந்தும் நார்க்கட்டுகள் இழுத்துப் பிடிக்கின்றன. ஆனால் பாரத்தைத் தாங்குவது அதற்கும் கீழே, முன் இடுப்பெலும்பிலிருந்து வால் எலும்புவரை ஏணைச் சேலைபோல் விரிந்திருக்கும் தசை. நாம் தூங்கும்போதும் அது முழுதாகத் தளர்வதில்லை. இருமினால் தானாக இறுகும். சிறுநீர்த் துவாரம், யோனி, மலவாய் மூன்றும் அதனூடாகத்தான் வெளியே வருகின்றன.

பிள்ளைத்தலையும் அந்த வழியாகத்தான் வரவேண்டும். அப்போது இந்தத் தசை மிகவும் இழுபடுகிறது, சிலருக்குக் கிழிந்தும் போகிறது. ஏணை தளர்ந்தால் பாரமெல்லாம் நார்க்கட்டுகளுக்கு மாறும். வருடக்கணக்கில் அவையும் நீண்டுவிடும். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைய, அந்த இழையங்கள் இன்னும் நலிகின்றன.

தலையில் கயிறு மாட்டிய கொழுந்துக் கூடையோடு செங்குத்து மலையில் மூச்சைப் பிடித்து ஏறும்போது வயிற்றுக்குள் அழுத்தம் கூடுகிறது. கூடையை மட்டும் நான் குற்றவாளியாக்க மாட்டேன். பிள்ளைப்பேறுதான் முதற்காரணம், நாட்பட்ட இருமலும் மலச்சிக்கலும்கூடச் சேரும். ஆனாலும் நான்கைந்து பிள்ளை பெற்றுத் தளர்ந்த தசைக்கு அந்தக் கூடை லேசான பாரமல்ல.

கர்ப்பப்பை இறங்கும்போது பல பேருக்குச் சிறுநீர்ப்பையின் சுவரும் கூடவே சரியும். சிறுநீர் முழுதாகப் போகாது, அல்லது இருமும்போது கசியும். தேயிலை நிரைகளுக்கு நடுவே மலசலகூடம் ஏது? அதனால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அதில் மலச்சிக்கல் கூடி, முக்க முக்க ஏணை மேலும் தொய்கிறது.

தொடக்க நிலையென்றால் அந்தத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி உதவும். சிறுநீரை அடக்குவதுபோல் உள்ளே இழுக்க வேண்டும், ஆனால் சிறுநீர் கழிக்கும்போதே செய்து பழகக் கூடாது. முற்றிவிட்டால் சத்திரசிகிச்சை உண்டு. இரண்டுக்கும் நடுவில், யோனிக்குள் வைத்துக் கர்ப்பப்பையை ஏந்திப் பிடிக்கும் ஒரு ரிங் இருக்கிறது. அம்மாயி பழஞ்சேலையைக் கிழித்து மடித்து, கோவணம்போல் இறுக்கிக் கட்டிக்கொண்டு, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போனாரே, அந்தத் துணி வெளியிலிருந்து செய்யப் பார்த்த வேலையைத்தான் ரிங் உள்ளிருந்து செய்கிறது.