நறுக்கியதும் அடுப்பில் போடாதீர்கள்

முள்ளங்கியை வட்ட வட்டமாக நறுக்கி வைத்துவிட்டு, சற்று நேரம் கழித்துக் கிட்டே போனால் காட்டமாக ஒரு நெடி மூக்கில் ஏறும். முழு முள்ளங்கியில் அந்த நெடி அவ்வளவாக இருக்காது. கத்தி பட்ட பிறகுதான் அது உண்டாகிறது.

முள்ளங்கி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல், ப்ராக்கோலி, கடுகு எல்லாம் ஒரே குடும்பம். நான்கு இதழ்களும் சிலுவைபோல் விரிவதால் சிலுவைப்பூக் குடும்பம் என்பார்கள். இவற்றில் குளுக்கோசினோலேட் என்ற கந்தகச் சேர்மம் ஓரிடத்திலும், மைரோசினேஸ் என்ற நொதி வேறோரிடத்திலும் தனித்தனியாக இருக்கும். புழு கடித்தால் இரண்டும் கலந்து, காரமான பொருளொன்று பிறக்கும். புழுவை விரட்டச் செடி வைத்திருக்கும் ஏற்பாடு இது. நாம் நறுக்கும்போதும் மெல்லும்போதும் இதே கலப்புதான் நடக்கிறது.

ப்ராக்கோலியில் இப்படிப் பிறக்கும் பொருள் சல்ஃபோராஃபேன். 1992-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் டலலேயின் குழு இதைப் பிரித்தெடுத்து, என்ன செய்கிறது என்று காட்டியது. நம் செல்களில் என்ஆர்எஃப்2 என்றொரு புரதம் உண்டு. கீப்1 என்ற இன்னொரு புரதம் அதை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும். சல்ஃபோராஃபேன் அந்தப் பிடியைத் தளர்த்த, விடுபட்ட புரதம் உட்கருவுக்குள் போய், நச்சை முறிக்கும் நொதிகளுக்கான மரபணுக்களை முடுக்கிவிடும். காய் தானாக நச்சை முறிப்பதில்லை. செல்லைத் தட்டி எழுப்புகிறது, அவ்வளவுதான். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான்.

காற்று மாசு மிகுந்த சீனப் பகுதியொன்றில் 291 பேரை வைத்து 12 வாரம் நடந்த ஆய்வின் முடிவு 2014-ல் வந்தது. ப்ராக்கோலி முளைப் பானம் குடித்தவர்களின் சிறுநீரில், மாசுக் காற்றில் இருக்கும் புற்றுநோய் நச்சான பென்சீனின் கழிவு 61 சதவீதம் கூடுதலாக வெளியேறியது. புற்றுநோயே வராது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

சரி, சமையலுக்கு வருவோம். மைரோசினேஸ் சூடு தாங்காது. நறுக்கிய கையோடு கொதிநீரில் போட்டால் வேலை பாதியில் நின்றுவிடும். நீரை வடித்தால் சேர்மமும் கூடவே போய்விடும். அதனால் பொடியாக நறுக்கி, அரை மணி நேரமாவது அப்படியே வைத்துவிட்டு, அப்புறம் லேசாக ஆவியில் வேகவிடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் மட்டும் அளவைத் திடீரென்று கூட்ட வேண்டாம். இக்காய்கள் பலவற்றில் வைட்டமின் கே அதிகம்.

நேரமில்லை என்றால் கடுகு இருக்கிறது. அதிலும் மைரோசினேஸ் உண்டு. தாளித்து வெடித்த கடுகு இதற்கு உதவாது, எண்ணெய்ச் சூட்டில் அதன் நொதி போய்விடும். வறுக்காத கடுகைப் பொடித்து, பொரியலை இறக்கி ஆறியதும் கால் ஸ்பூன் தூவிப் பிசறுங்கள். வெந்த ப்ராக்கோலியில் கடுகுப்பொடி சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு, சும்மா சாப்பிட்டதைவிட நான்கு மடங்குக்கும் மேல் சல்ஃபோராஃபேன் உடலில் சேர்ந்திருக்கிறது.