கறார்: ஒரு சொல் விளக்கம்

கும்பகோணம் பாத்திரக் கடையில் குத்துவிளக்குக்கு விலை பேசிக்கொண்டிருந்த என் அத்தை, கடைசியில் "கறாரா ஒரு விலை சொல்லுங்க" என்றார். கடைக்காரர் விளக்கைத் தராசில் வைத்து, எடையைத் துண்டுச்சீட்டில் குறித்து, "இதாம்மா கறார், இதுக்கு மேல குறையாது" என்றார். கறார் என்றால் நமக்கு அசையாத விலை, விட்டுக்கொடுக்காத ஆள்.

இதன் வேர் அரபு. 'கரார்' என்றால் ஓரிடத்தில் நிலைத்து நிற்பது. பேசித் தீர்த்த முடிவுக்கும் அதுவே பெயரானது. பாரசீகம், உருது, மராத்தி என்று பல மொழிகளில் புழங்கியது. மராத்தியில் இன்றைக்கும் 'வியாபார் கரார்' என்றால் இரண்டு நாடுகள் செய்துகொள்ளும் வணிக உடன்படிக்கைதான். தமிழிலும் எழுதிக்கொண்ட உடன்படிக்கையைக் 'கரார்நாமா' என்றார்கள். அப்புறம் பேச்சுவழக்கில் 'இருவரும் இசைந்தது' என்ற பாதி உதிர்ந்து, 'உறுதி' என்ற பாதி மட்டும் தங்கிவிட்டது.

உதிர்ந்த அந்தப் பாதிக்குத் தமிழில் நல்ல சொல் இருக்கிறது: உடன்படிக்கை. 'உடன்படு' என்பதிலிருந்து வந்தது. மனம் ஒத்துப்போவதைக் குறள் 890 'உடம்பாடு' என்கிறது, அது உடன்பாடேதான்.

நம் கரையிலேயே இதற்குச் சான்று உண்டு. 1620 நவம்பரில் தஞ்சை ரகுநாத நாயக்கரும் டென்மார்க்கிலிருந்து கப்பலில் வந்த ஓவ் கெடேயும் செய்துகொண்ட உடன்படிக்கை அது. டேனியர்களுக்குத் தரங்கம்பாடியும் கோட்டை கட்டும் உரிமையும் மிளகு வணிகமும் கிடைத்தன. நாயக்கருக்கு ஆண்டுதோறும் பணம். டேனிய அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்கு ரகுநாதர் அனுப்பிய கடிதம் தமிழில், பனையோலை வடிவில் அடித்த பொன் தகட்டில் எழுதப்பட்டது. கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் அது இன்னும் இருக்கிறது. மொழி தெரியாத, கடல் கடந்த அரசருக்கு நம் ஓலையின் வடிவத்திலேயே சொல் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

செய்தித்தாள்கள் எல்லாவற்றையும் 'ஒப்பந்தம்' என்றே எழுதுகின்றன. வீடு கட்டும் மேஸ்திரியோடு போடுவதற்கு அது சரி. இரண்டு நாடுகள் கையெழுத்திடும்போது 'வணிக உடன்படிக்கை' என்று எழுதலாமே. விலை பேசக் கறார் இருக்கட்டும். அத்தைக்கு வேறு சொல் வாயில் வராது.