மேக்னம் ரிவால்வர்: பேரைப் பாக்காதீங்க, சிலிண்டரைப் பாருங்க

ஆர்மில ஆர்மரரா, அதாவது ஆயுதம் ரிப்பேர் பாக்கறவரா, வேலை பாத்துட்டு வந்து இப்ப மதுரைல லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கிக் கடையில ரிப்பேர் பாக்குறேன். வர்றவங்ககிட்ட அதிகமா இருக்கறது நம்ம ஆர்டினன்ஸ் ஃபேக்டரி .32 ரிவால்வர்தான், ஆனா மேக்னம் பத்தி விசாரிக்கிறவங்க இப்ப ரொம்பவே கூடிட்டாங்க. ஆவணி மூல வீதி நகைக்கடைக்காரரா இருக்கட்டும், போடி பக்கம் ஏலக்கா தோட்டம் வச்சிருக்கவரா இருக்கட்டும், கேக்குறது ஒண்ணுதான், "அண்ணே, ரூகர் நல்லதா, ஸ்மித் நல்லதா, எதுண்ணே ரொம்ப நாளைக்கு உழைக்கும்?" கேள்வி சரிதான், ஆனா அது ரெண்டாவதா கேக்க வேண்டிய கேள்வி. 80-களோட நடுவுல இறக்குமதி வியாபாரத்த நிறுத்தினதுக்கு அப்புறம் நம்ம பக்கம் கைமாறுற வெளிநாட்டு ரிவால்வர் பெரும்பாலும் பழசுதான், நாலஞ்சு கை மாறி வந்திருக்கும், யாரு எந்த ரவுண்ட எவ்வளவு சுட்டாங்கன்னு யாருக்கும் தெரியாது. அதனால கம்பெனி பேருக்கு லட்சக்கணக்குல கொட்டிக் குடுக்கறதுக்கு முன்னாடி அந்தக் குறிப்பிட்ட துப்பாக்கி எந்த நெலமையில இருக்குன்னு பாக்கத் தெரியணும்.

மொதல்ல மேக்னம்னா என்னன்னு பாத்துருவோம். மேக்னம்ங்கறது ரவுண்டோட பேரு, ரவுண்டுன்னா பித்தளைக் கேஸ், மருந்து, முன்னாடி நிக்கிற தோட்டா எல்லாம் சேந்தது. .357 மேக்னம் 1935-ல ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் (சுருக்கமா ஸ்மித்) கொண்டு வந்தது. .38 ஸ்பெஷலும் இதுவும் ஒரே விட்டம்தான், ஆனா மேக்னத்தோட கேஸ் 3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல நீளம் கூட, தெரியாத்தனமா .38 சிலிண்டருக்குள்ள, அதாவது ரவுண்டு போடற சுத்துற உருளைக்குள்ள, போயிடக் கூடாதுன்னுதான் அந்த நீளமே. அமெரிக்க ஸ்டாண்டர்டு படி .38 ஸ்பெஷலுக்கு அதிகபட்ச பிரஷர் 17,000 பிஎஸ்ஐ, .357-க்கு 35,000, .44 மேக்னத்துக்கு 36,000. நம்மாளுங்க வச்சிருக்கற .32-க்கு 15,000 தான். அதாவது ஒவ்வொரு தடவை ட்ரிக்கர இழுக்கும்போதும் .32 தாங்குறத விட ரெண்டு மடங்குக்கு மேல மேக்னம் தாங்கணும். நம்ம .32 வெப்லி டிசைன்ல வந்தது, கீல் போட்டு மடக்கித் திறக்கற டைப்பு, அந்த பிரஷருக்கு அது நல்லாவே உழைக்கும், ஆனா மேக்னத்துக்கு ஒரே கட்டியா மூடின ஃப்ரேம் வேணும்.

இப்ப கம்பெனி விஷயத்துக்கு வர்றேன். ஸ்மித்தோட மாடல் 19, 1955-ல வந்தது, கையில புடிச்சா எடை குறைவு, ட்ரிக்கர் அவ்வளவு சொகுசு, பாத்தா யாருக்கும் புடிச்சுப் போகும். ஆனா அதுல ஒரு வீக்னஸ் இருக்கு. சிலிண்டர்ல இருந்து தோட்டா பேரலுக்குள்ள நுழையற வாய் இருக்கில்ல, ஃபோர்சிங் கோன்னு சொல்வோம், அந்த ஃப்ரேம் சின்னதுங்கறதால சிலிண்டர் மூடும்போது இடிக்காம இருக்க அந்த வாயோட அடிப்பக்கத்துல கொஞ்சம் தட்டையா அரைச்சு எடுத்திருப்பாங்க. சரியா அந்த இடத்துலதான் இரும்பு மெலிசா இருக்கும். அமெரிக்க போலீஸ்காரங்க ஆரம்பத்துல .38-ல பழகிட்டு மேக்னத்த டியூட்டிக்கு மட்டும் போட்டுக்கிட்டு இருந்தப்ப ஒண்ணும் ஆகல. அப்புறம் பிராக்டிஸுக்கும் மேக்னமே, அதுவும் 125 கிரெய்ன், அதாவது 8 கிராம் எடையுள்ள வேகமான தோட்டாவே சுட ஆரம்பிச்சதும் அந்தத் தட்டையான எடத்துல கீறல் விழ ஆரம்பிச்சது. லென்ஸ் வச்சுப் பாத்தா ஆறு மணி முள்ளு நிக்கிற எடத்துல முடி மாதிரி ஒரு கோடு தெரியும், கார்பன் படிஞ்சிருந்தா அதுவும் தெரியாது, நல்லா கிளீன் பண்ணிட்டுத்தான் பாக்கணும். கீறல் விழுந்துட்டா பேரலையே மாத்தணும், நம்ம ஊர்ல அந்தப் பேரல் கிடைக்கறது குதிரைக்கொம்பு. இந்தக் குறைய சரி பண்ணத்தான் ஸ்மித் 1980 வாக்குல கொஞ்சம் பெரிய ஃப்ரேம்ல 586, 686 ரெண்டையும் கொண்டு வந்தாங்க, அதுல அந்த வாய் முழு வட்டமா, தடிப்பா இருக்கும். பழைய ஸ்மித்தான் வாங்கணும்னு மனசுல இருந்தா 19-அ விட்டுட்டு 686-அத் தேடுங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

ரூகர் ஜிபி 100, 1985-ல வந்தது. நாலு இஞ்ச் பேரலோட ஒரு கிலோவுக்கு மேல எடை. ஸ்மித்துல பக்கவாட்டுல ஒரு பிளேட்ட ஸ்க்ரூ போட்டு மூடியிருக்கும், ரூகர்ல அது கிடையாது, ரெண்டு பக்கமும் ஒரே இரும்பு, உள் பாகமெல்லாம் ட்ரிக்கர் கார்டோட சேந்து கீழ வழியா வெளிய வந்துரும். சிலிண்டர் பின்னாடி மட்டுமில்லாம முன்னாடியும் நேரா ஃப்ரேமோட லாக் ஆகும். "ரூகர் வார்ப்புண்ணே, ஸ்மித் அடிச்சு செஞ்சது, அதனால ஸ்மித்துதான் ஒசத்தி"ன்னு நிறைய பேரு சொல்லுவாங்க, அது பாதி உண்மைதான். ரூகர் பண்றது மெழுகுல அச்சு எடுத்து, அதுக்கு மேல ஓடு கட்டி, மெழுக உருக்கி வெளியேத்திட்டு உலோகத்த ஊத்தற முறை, சுவாமிமலைல ஐம்பொன் சிலை வார்க்கறாங்களே, அடிப்படை அதேதான். அடிச்ச இரும்பு அதே தடிமன்ல பலம் கூடங்கறது நெசம், ரூகர் அதுக்கு ஈடா தடிமன ஏத்தி வச்சிருக்காங்க. மேக்னமே தொடர்ந்து சுடணும்னா என் கண்ணுக்கு ஜிபி 100 தான் மொதல்ல நிக்கும். ட்ரிக்கர் ஸ்மித் அளவுக்கு வழுக்கிக்கிட்டு வராது, அத ஒத்துக்கணும்.

கோல்ட் கம்பெனி பைத்தான் 1955-ல வந்து 2005 வரைக்கும் ஓடுச்சு, அப்புறம் 2020-ல புதுசா டிசைன் மாத்தி விட்டாங்க. பழைய பைத்தான் கையால ஃபிட் பண்ணினது, சுடுற நேரத்துல சிலிண்டர் இம்மி கூட அசையாது, குறி தவறாது. ஆனா அந்த இறுக்கத்த குடுக்கற சின்ன பாகம் தேஞ்சுதுன்னா டைமிங், அதாவது அறை சரியான நேரத்துல பேரலுக்கு நேரா வந்து நிக்கறது, போயிடும், அத சரி பண்ணத் தெரிஞ்ச கை ரொம்பக் கம்மி. அழகுக்காக, சேகரிச்சு வைக்கறதுக்காகன்னா சரி. பிரான்ஸ்ல 1973-ல வந்த மானுரின் எம்ஆர் 73 உழைப்புக்குப் பேர் போனது, அந்த நாட்டு ஜிஐஜிஎன் கமாண்டோக்களே தினமும் மேக்னம் சுட்டுப் பழகினது அதுலதான், ஆனா நம்ம பக்கம் கண்ணுல படறதே அபூர்வம்.

எடை குறைஞ்ச மேக்னம் பத்தியும் சொல்லிடணும், ஏன்னா இடுப்புல தெரியாம வைக்கணும்னு நிறைய பேரு அதத்தான் கேக்குறாங்க. ஸ்மித்தோட 340 பிடி சுமார் 340 கிராம்தான். அதுல உதைப்பு எப்படி இருக்கும்னா சுடாம மிச்சம் இருக்கற ரவுண்டுல இருந்து தோட்டா கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி நகந்து வந்து சிலிண்டரையே சுத்த விடாம பண்ணிடும். 120 கிரெய்னுக்குக் குறைஞ்ச தோட்டா போடாதீங்கன்னு பேரல்லயே எழுதியிருக்காங்க, அவ்வளவு நுணுக்கமான துப்பாக்கி அது.

சரி, பழசு ஒண்ணு கையில வந்தா எப்படிப் பாக்கறது? சிலிண்டரத் திறந்து எல்லா அறையும் காலியான்னு கண்ணால பாத்து, அப்புறம் விரல விட்டும் பாருங்க, காட்டறவரு "காலிதாங்க"ன்னு சொன்னாலும் நீங்க பாருங்க. அப்புறம் மூடிட்டு ஹேமர, அதாவது பின்னாடி இருக்கற சுத்தியல, மெதுவா, ரொம்ப மெதுவா பின்னாடி இழுங்க. ஹேமர் முழுசா நிக்கறதுக்கு முன்னாடியே சிலிண்டர் "டக்"னு லாக் ஆகிடணும், ஆறு அறைக்கும் தனித்தனியா இத செய்யணும், அஞ்சு சரியா இருந்து ஒண்ணு மட்டும் லேட்டாகுற துப்பாக்கி நிறைய இருக்கு. லாக் ஆகாம சுட்டா தோட்டா பேரல் வாயோட ஓரத்துல இடிச்சு ஈயச் செதில் பக்கத்துல நிக்கறவரு மூஞ்சில அடிக்கும். அடுத்து சிலிண்டர முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்க, லொடலொடன்னு ஆடினா நிறைய சுட்டிருக்காங்கன்னு அர்த்தம். சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி 0.10-ல இருந்து 0.20 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா நல்லது, பைக் மெக்கானிக் டேப்பட் செட் பண்ற ஃபீலர் கேஜே போதும், 0.25-அத் தாண்டினா வேலை இருக்கு. சிலிண்டருக்கு மேல ஃப்ரேம்ல ஒரு மெல்லிய கோடு அரிச்ச மாதிரி இருந்தா பயந்துடாதீங்க, அது நெருப்பு வெட்டறது, ஒரு அளவோட நின்னுடும்.

இன்னொண்ணு, இது ரொம்ப முக்கியம். .38 சிலிண்டர லேத்துல குடுத்து உள்ள கொஞ்சம் கடைஞ்சுட்டா மேக்னம் போகும்னு சொல்லி ஆள் புடிக்கறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு நம்பாதீங்க. 17,000-க்கு செஞ்ச இரும்புல 35,000-அ ஏத்தினா சிலிண்டர் வெடிச்சு விரலோட போகும், கண்ணும் போகலாம். ஆயுதச் சட்டம் 1959-ல அஞ்சாவது பிரிவுப்படி லைசென்ஸ் இல்லாதவங்க துப்பாக்கிய ரிப்பேர் பண்றதே குத்தம், மாத்தி அமைக்கிறதும் குத்தம். வாங்கறதுக்கு முன்னாடி அந்த போர், அதாவது அந்தக் குழாய் விட்டம், உங்க லைசென்ஸ்ல வருமான்னு கலெக்டர் ஆபீஸ்லயோ கமிஷனர் ஆபீஸ்லயோ கேட்டுட்டு அட்வான்ஸ் குடுங்க.

பராமரிப்புல நம்ம ஊர்க்காரங்க பண்றது மனசுக்கு கஷ்டமா இருக்கும். ஆயுத பூஜைக்கு சந்தனம், குங்குமம் வைக்கறாங்க, தப்பே இல்ல, ஆனா அத ஃப்ரேம் மேலயே அப்பி அப்படியே பீரோவுல வச்சுடறாங்க. சந்தனத்துல இருக்கற ஈரம் அடியில துருவ ஏத்தும், குங்குமப் பொடி ஹேமர் சந்து வழியா உள்ள எறங்கி எண்ணெயோட சேந்து சாந்து மாதிரி ஆயிடும். துப்பாக்கிப் பெட்டி மேல பொட்டு வைங்க, சாமி ஏத்துக்கும். தேங்காய் எண்ணெய் போடறவங்களும் இருக்காங்க, அது நாளாக நாளாக பிசின் மாதிரி இறுகி டைமிங்க மந்தமாக்கிடும், துப்பாக்கி எண்ணெய் ரெண்டு சொட்டு போதும். .38 ரவுண்ட மேக்னம் சிலிண்டர்ல சுடலாம், துப்பாக்கிக்கும் நல்லது, ஆனா சுட்டு முடிச்சதும் அறைக்குள்ள படியற கார்பன் வளையத்த பிரஷ் போட்டு எடுத்துடணும், இல்லைன்னா அடுத்து மேக்னம் ரவுண்டு சிக்கிக்கும்.

எலெக்‌ஷன் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைக்கறப்ப லெதர் உறையோட குடுக்காதீங்க. லெதர் ஈரத்த இழுத்து வச்சுக்கும், ஸ்டெயின்லெஸ்ஸா இருந்தாலும் புள்ளி புள்ளியா அரிச்சிடும். வெளிய லேசா எண்ணெய் தடவி, துணில சுத்தி, ரவுண்டத் தனியா குடுங்க. திரும்ப வாங்கும்போது கேஸ்ல பச்சை பூத்திருந்தா அதத் தொடச்சு லோடு பண்ணாம கடையில கொண்டாந்து குடுத்துடுங்க.