முதல்வர் காப்பீட்டு அட்டை: படுக்கையில் விழும் முன்னே வாங்கி வையுங்கள்

வேலூரில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை. வங்காளத்திலிருந்து ரயிலேறி வந்து காட்பாடியில் இறங்குகிற நோயாளிகளைத் தினமும் பார்க்கலாம். ஆனால் இதே மாவட்டத்தில், ஒடுகத்தூருக்கு மேலே மலைக்கிராமமான பீஞ்சமந்தையில் இருப்பவருக்கு வைத்தியம் இன்னும் எட்டாத தூரத்தில்தான் இருக்கிறது. 2023 மே மாதம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ரோடில்லாத மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவருவதற்குள் உயிர் போய்விட்டது. உடலையும் தாய்தான் கையில் சுமந்து நடந்தார். ரோடு போட வேண்டியது அரசு. மலையிறங்கி ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்துவிட்ட பிறகும், அரசுக் காப்பீட்டு அட்டை ஒன்று இல்லாததால் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அதையாவது நாமே தடுக்கலாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்பது முழுப்பெயர். 2009-ல் கலைஞர் காப்பீடாகத் தொடங்கி, 2012-ல் இந்தப் பெயருக்கு மாறி, 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு சேர்ந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வரலாறு இவ்வளவு போதும்.

அட்டை வாங்குவதில் முதல் சிக்கல் வருமானச் சான்று. வருமான வரம்பு முன்பு 72,000 ரூபாயாக இருந்தது. அந்தப் பழைய கணக்கை மனதில் வைத்துக்கொண்டு "உனக்கெல்லாம் வராது" என்று சொல்லி அனுப்புகிறவர்கள் இன்னும் உண்டு. அந்தப் பேச்சை நம்பித் திரும்பாதீர்கள். மாதம் பத்தாயிரத்துக்குள் வருமானம் உள்ள குடும்பம் தகுதியான குடும்பம்தான். குடியாத்தத்தில் பீடி சுற்றுகிறவர், தறி ஓட்டுகிறவர், அணைக்கட்டுப் பக்கம் நூறு நாள் வேலைக்குப் போகிறவர் பலரும் இதற்குள் வருவார்கள். வி.ஏ.ஓ. ஊரில் இல்லை, திங்கட்கிழமை வா, வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) கையெழுத்து வேண்டும், சீல் இல்லை என்று அலைய விடுவார்கள். ஒரு நாள் அலைச்சல் என்றால் ஒரு நாள் கூலி போச்சு. அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஆபீஸ் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. அதனால் போகும்போதே ரேஷன் கார்டு, குடும்பத்தில் எல்லோருடைய ஆதார், ஜெராக்ஸ் இரண்டு செட் கொண்டுபோங்கள். சான்றுக்கு யாராவது பணம் கேட்டால் தராதீர்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர் நாள் கூட்டத்தில் மனு எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

இரண்டாவது சிக்கல் ரேஷன் கார்டு. இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். கார்டில் பெயர் இருப்பவருக்குத்தான் காப்பீடு. கல்யாணமாகி வந்த மருமகள் பெயர் பிறந்த வீட்டுக் கார்டிலிருந்து நீக்கியிருக்கும், இங்கே இன்னும் சேர்த்திருக்க மாட்டார்கள். ஆக அந்தப் பெண் எந்த வீட்டுக் கணக்கிலும் இல்லை. பிறந்த குழந்தைக்கும் இதே கதிதான். பேரணாம்பட்டுப் பக்கத்து அக்கா ஒருவர் மருமகளுக்கு ஆபரேஷன் என்று காப்பீட்டு அட்டையோடுதான் போனார். மருமகள் பெயர் அதில் இல்லை. தாலிக்கொடியை அடகு வைத்துப் பணம் கட்டினார்கள். பெயர் சேர்க்க இ-சேவை மையத்தில் முன்பே விண்ணப்பித்திருந்தால் ஆபரேஷன் செலவே இல்லாமல் முடிந்திருக்கும். அதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஒரு ஆள் இல்லை. இனிஷியலையும் பாருங்கள். ஆதாரில் ஒரு இனிஷியல், ரேஷன் கார்டில் வேறொன்று இருந்தால் கம்ப்யூட்டர் ஏற்காது. மலைக்கிராமத்து மக்களின் பெயரை எழுதியவர்கள் இஷ்டத்துக்கு எழுதியிருப்பார்கள், தண்டனை மட்டும் நோயாளிக்கு. உடம்பு நன்றாக இருக்கும்போதே இதைத் திருத்தி வையுங்கள்.

காகிதம் எல்லாம் சரியானதும் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். எந்தக் கலெக்டர் ஆபீஸ் என்பதில் கவனம். பழைய வட ஆற்காடு நினைப்பில் ஆற்காட்டுக்காரர்களும் ஆம்பூர்க்காரர்களும் வேலூர் கலெக்டர் ஆபீஸ் இருக்கும் சத்துவாச்சாரிக்கு வந்து வரிசையில் நிற்கிறார்கள். 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் என்றால் ராணிப்பேட்டை. ஆம்பூர், வாணியம்பாடி என்றால் திருப்பத்தூர். வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு, கே.வி.குப்பம், அணைக்கட்டு, காட்பாடி தாலுகாக்காரர்கள் மட்டும்தான் வேலூருக்கு வர வேண்டும். முடிந்தால் குடும்பத்தோடு போங்கள். ஏற்கெனவே பதிவு இருக்கிறதா என்று ரேஷன் கார்டு எண்ணைக் கொடுத்து முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பழைய அட்டை தொலைந்திருந்தாலும் பதிவு இருக்கலாம்.

அட்டை கைக்கு வந்தாலும் ஆஸ்பத்திரியில் தகராறு தொடரும். எல்லா ஆஸ்பத்திரியும் திட்டத்தில் இல்லை. திட்டத்தில் இருக்கும் ஆஸ்பத்திரியிலும் எல்லாப் பிரிவும் இல்லை. எலும்பு ஆபரேஷனுக்கு அனுமதி பெற்ற இடத்தில் இதய சிகிச்சைக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம். சில சிகிச்சைகளை அரசு ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஆகவே "இங்கே காப்பீடு எடுக்குமா" என்று பொதுவாகக் கேட்டால் பயனில்லை. நோயின் பெயரைச் சொல்லி, "இந்த ஆபரேஷனுக்கு, இந்த ஆஸ்பத்திரியில் எடுக்குமா" என்று 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேளுங்கள். காய்ச்சல், சளிக்கு வெளிநோயாளியாகப் பார்ப்பதெல்லாம் இதில் வராது.

பணம் விஷயத்தில் ஏமாறாதீர்கள். இது நோயாளி பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் திட்டம். நாம் கட்டிவிட்டுப் பில்லைக் காட்டித் திரும்ப வாங்கலாம் என்று யாராவது சொன்னால் அது நடக்காது. "முதலில் டெபாசிட் கட்டுங்கள், அப்ரூவல் வந்ததும் தருகிறோம்" என்பார்கள். கட்டும் முன், திட்டத்தைப் பார்த்துக்கொள்ள அந்த ஆஸ்பத்திரியில் இருக்கும் காப்பீட்டுப் பிரிவு ஆளைத் தேடிப் பிடியுங்கள். முன் அனுமதிக்கு எழுதியாயிற்றா, எந்தத் தேதியில் எழுதினார்கள் என்று கேளுங்கள். இல்லை என்றால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் "கிடையாது" என்று சொல்கிறவர்கள் எழுதித் தரத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்திலேயே பாதி வேலை முடியும். மீதிக்கு அதே இலவச எண்ணிலும், கலெக்டரிடமும் புகார் செய்யுங்கள். கலெக்டர் தலைமையில் இதற்கென்றே மாவட்டக் குழு இருக்கிறது.

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். அங்கேயும் காப்பீட்டு அட்டை கேட்பார்கள். இந்தத் திட்டத்தில் அரசு ஆஸ்பத்திரிக்கும் பணம் வருகிறது, அதற்காகத்தான் கேட்கிறார்கள். இருந்தால் கொடுங்கள், ஆஸ்பத்திரிக்கு நல்லது. இல்லை என்பதற்காக வைத்தியம் பார்க்காமல் அனுப்ப யாருக்கும் உரிமை இல்லை.

அட்டை இல்லாமலே திடீரென்று அட்மிட் ஆகிவிட்டால் பதறி நகையை அடகு வைக்க ஓடாதீர்கள். இன்னார் உள்நோயாளியாக இருக்கிறார் என்று ஆஸ்பத்திரியில் ஒரு கடிதம் வாங்குங்கள். ஒருவர் நோயாளியோடு இருக்க, இன்னொருவர் அந்தக் கடிதம், வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு காப்பீட்டு மையத்துக்குப் போகட்டும். சாலை விபத்து என்றால் இந்த ஓட்டமே வேண்டாம். 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், முதல் 48 மணி நேரத்துக்கு வருமானமும் அட்டையும் கேட்காமல் சிகிச்சை தர வேண்டும். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை ஓரம் இருக்கிற நம்மவர்கள் எல்லோரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 108-ல் வருகிறவரிடமே "இந்தத் திட்டத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று சொல்லுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று கையெழுத்து வாங்குவார்கள். வெற்றுத் தாளில் போடாதீர்கள். எவ்வளவு தொகை கணக்கில் எழுதினார்கள், 5 லட்சத்தில் மீதி எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு முழுக்க வீட்டில் மற்றவர்களுக்கும் மிச்சமிருப்பது அதுதான்.