ஸ்பிட்ஃபயர் வாங்கியிருக்கிறீர்களா? பெயின்ட்டை விடுங்கள், முதலில் அடியில் படுங்கள்

பிரிட்டனில் 40 வயது தாண்டிய கார், பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாமல் இருந்தால், சாலையில் ஓட்டத் தகுதியானதா என்று பார்க்கும் வருடாந்திர எம்.ஓ.டி. சோதனைக்குப் போகத் தேவையில்லை. 2018 மே மாதத்திலிருந்து இதுதான் விதி. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1962இல் வந்து 1980இல் நின்றுபோன கார், ஆக இன்று பெரிய மாற்றம் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் எல்லா ஸ்பிட்ஃபயருக்கும் இந்தச் சலுகை உண்டு. சாலை வரியும் கிடையாது. உரிமையாளர்களுக்கு ஏக சந்தோஷம். பட்டறையில் இந்தக் கார்களைக் கழற்றி மாட்டுகிற எனக்குத்தான் கொஞ்சம் கவலை. முன்பு வருஷத்துக்கு ஒரு முறையாவது யாரோ ஒருவர் காரைத் தூக்கி அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார், இப்போது பல கார்களை அப்படி யாருமே பார்ப்பதில்லை. விலக்கு சோதனைக்குத்தான், பழுதான காரை ஓட்டுவதற்கு இல்லை. ஆபத்தான நிலையில் ஓட்டிப் பிடிபட்டால் 2,500 பவுண்டு வரை அபராதம், லைசென்ஸில் 3 புள்ளிகள்.

வீட்டில் வைத்துப் பழுது பார்க்க இதைவிட நல்ல பழைய ஸ்போர்ட்ஸ் கார் அதிகம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எடை 700 கிலோவுக்குச் சற்று மேல். பானெட்டும் முன்பக்க மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னால் கவிழும், அப்புறம் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். ஸ்பேர் பார்ட்ஸ் இன்றைக்கும் தாராளமாகக் கிடைக்கிறது. நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு உறவும் உண்டு. டிரையம்ஃப் ஹெரால்டு என்ற காரின் சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, குட்டையாக்கித்தான் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள், அந்த ஹெரால்டுதான் சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் 1961 முதல் தயாரானது. அப்பாவோ தாத்தாவோ ஹெரால்டு வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவருக்கு ஸ்பிட்ஃபயரின் முன்பக்கச் சக்கரத்தைக் கழற்றினால் தெரிந்த முகம்தான்.

குட்டையாக்கியபோது ஒன்றை எடுத்துவிட்டார்கள். ஹெரால்டின் சேஸிஸில் இரண்டு ஓரத்திலும் நீளவாக்கில் இரும்புச் சட்டங்கள் உண்டு. ஸ்பிட்ஃபயரில் அவை கிடையாது, நடுவில் முதுகெலும்பு மட்டும். ஓரத்தின் பலம் முழுக்க பாடியின் சில்லில் இருக்கிறது. சில் என்றால் கதவுக்குக் கீழே ஓடும் தகட்டுப் பெட்டி. பின்சக்கரம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்ளும் ரேடியஸ் ஆர்ம்கூட சீட்டுக்குப் பின்னால், பாடித் தகட்டில்தான் மாட்டியிருக்கிறது. தனி சேஸிஸ் உள்ள கார்தானே, பாடி துருப்பிடித்தால் என்ன என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். அந்த இடம் துருப்பிடித்தால் பின் ஆக்சிலே ஆடும்.

இங்கே பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலையில் உப்பு கொட்டுகிறார்கள், அது சில்லுக்குள் போய் உட்கார்ந்து உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும். வெளியே பளபளவென்று இருக்கும். ஒரு சின்ன காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி சில் நெடுக ஓட்டிப் பாருங்கள், ஒட்டாத இடத்தில் இருப்பது தகடு இல்லை, பட்டி, அதாவது பெயின்ட்டுக்கு அடியில் பூசி நிரப்பும் பசை. பட்டி போடுவதே தப்பு என்று சொல்லவில்லை, நெளிவை நேராக்க மெல்லிசாகப் போடலாம், ஆனால் ஓட்டையை மூடப் போட்டால் அது ஏமாற்று வேலை. விற்பனைக்கு வருகிற கார்களில் இந்த வேலை நிறையவே நடக்கிறது. அடுத்து கதவு இடைவெளி. கதவுக்கும் பின்பக்க மட்கார்டுக்கும் நடுவே மேலே குறுகி கீழே அகன்றிருந்தால் பாடி நடுவில் தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம். சில்லை வெட்டப் போகிறீர்கள் என்றால் வெட்டுவதற்கு முன்பே கதவு வாயில் குறுக்குக் கம்பி வைத்து வெல்டு அடித்துப் பாடியை இறுக்கிவிட வேண்டும், ஒரு பக்கத்தை முடித்துக் கதவைப் பொருத்திப் பார்த்துவிட்டுத்தான் மறு பக்கம் கை வைக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்டினால் பாடி வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும், அதற்கப்புறம் எந்தக் கதவும் ஒழுங்காகச் சாத்தாது.

வெல்டிங்குக்கு முன் பெட்ரோல் டேங்கைக் கழற்றி கராஜுக்கு வெளியே வையுங்கள். இந்தக் காரில் டேங்க் சீட்டுகளுக்குப் பின்னால், டிக்கியின் முன்பக்கம் குறுக்காக இருக்கிறது, பின் சில்லிலிருந்து கைக்கெட்டும் தூரம்தான். காலி டேங்க்தானே என்று அலட்சியப்படுத்த வேண்டாம், பெட்ரோல் ஆவி நிறைந்த காலி டேங்க்தான் வெடிக்கும்.

அடுத்தது டிரன்னியன். முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் நக்கிளின் அடியில் ஒரு வெண்கலக் கட்டி, அதற்குள் மரை வெட்டிய இரும்புத் தண்டு, ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சுற்றும். டிரையம்ஃப் கையேடு இதற்குச் சொல்வது கிரீஸ் இல்லை, இ.பி. 90 கியர் ஆயில். எண்ணெய் அடிக்கும் நிப்பிளைப் பார்த்தால் கை தானாகவே கிரீஸ் கன்னை எடுக்கும், அங்கேதான் வினை. கெட்டியான கிரீஸ் மரையின் எல்லா இடத்துக்கும் போகாது, நாளாக நாளாகக் காய்ந்து வழியை அடைத்துவிடும், தண்ணீர் மட்டும் எப்படியோ உள்ளே போய்விடும். இரும்புத் தண்டு துருப்பிடித்து மெலிந்து ஒரு நாள் முறியும். பெரும்பாலும் வேகத்தில் போகும்போது முறிவதில்லை என்பது அதிர்ஷ்டம். பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போதுதான் அதன்மேல் அதிகச் சுமை விழும், அப்போது சக்கரம் மடங்கிக் கார் முகங்குப்புற உட்கார்ந்துவிடும். என்னிடம் வந்த உடைந்த தண்டுகள் எல்லாமே பழைய காய்ந்த கிரீஸோடுதான் வந்தன.

செய்ய வேண்டியது சுலபம். தனியாக ஒரு கிரீஸ் கன் வாங்கி அதில் கியர் ஆயில் ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள், அது கொஞ்சம் ஒழுகும், பரவாயில்லை. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலே எண்ணெய் கசிந்து வரும்வரை அடியுங்கள், ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் திருப்பி மறுபடி அடியுங்கள். சர்வீஸ் இடைவெளி 6,000 மைல் என்பார்கள், வருஷத்துக்கு 1,000 மைல்கூட ஓடாத காருக்கு அந்தக் கணக்கு உதவாது, வருஷத்துக்கு இரண்டு முறை செய்துவிடுங்கள். புதிதாக வாங்கிய கார் என்றால் முதலில் கழற்றித் தண்டை வெளியே எடுத்துப் பாருங்கள். மரையில் குழி விழுந்திருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். இடது பக்கம், வலது பக்கம் மரை வேறு வேறு, மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

தூக்குவது என்று சொன்னேனே, ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. தூக்கிய காரைத் தாங்கும் ஆக்சில் ஸ்டாண்டு இரண்டு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். புல்தரையிலும் சரளைக்கல்லிலும் ஸ்டாண்டு வைக்கக் கூடாது.

பிரேக்கில் பார்க்க வேண்டியது, பழைய ஸ்பிட்ஃபயர்களில் ஹைட்ராலிக் ஒரே சர்க்யூட் என்பது. எங்கேயாவது ஒரு ரப்பர் குழாய் விட்டுப்போனால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்காது, ஹேண்ட் பிரேக்தான் மிச்சம். ஓடாமல் நின்ற காரில், பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் உள்ளே துருப்பிடித்து வாஷரைக் கிழித்திருக்கும், பெடல் நன்றாக இருப்பதாகத் தோன்றும், சிக்னலில் மிதித்தபடி நின்றால் மெல்ல இறங்கும். அப்படி இறங்கினால் ஓட்டாதீர்கள். டாட் 4 பிரேக் ஆயில் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பின்சக்கர பிரேக் டிரம்மைத் திறக்கும்போது காற்றடித்துத் தூசியை ஊதாதீர்கள். பிரிட்டனில், மூச்சோடு போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் முழுவதுமாகத் தடை செய்யப்பட்டது 1999இல்தான், பல வருஷம் திறக்காத டிரம்மில் அந்தக் காலத்து லைனிங் இருக்க வாய்ப்புண்டு. முகமூடி போட்டுக்கொண்டு ஈரத்துணியால் துடைத்து, துணியை உறையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

பெட்ரோல் விஷயத்தில் 2021 செப்டம்பர் முக்கியமான மாதம். அதிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோல் இ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் குழாயும் கார்க் கேஸ்கெட்டும் அதற்குத் தாங்காது. சூப்பர் என்று விற்கும் இ5 போடுங்கள், எரிபொருள் குழாய் முழுவதையும் எத்தனாலைத் தாங்கும் ஆர்9 தரக் குழாயாக மாற்றுங்கள். வெடிப்பு விட்ட குழாயிலிருந்து சொட்டும் பெட்ரோல் சூடான எக்ஸாஸ்ட் பக்கம் விழுவதுதான் நெருப்புக்குப் பெரிய காரணம், அடுத்தது உரிந்த ஒயரிங். பேட்டரிக்கு ஒரு கட்-ஆஃப் ஸ்விட்சும் கைக்கெட்டும் இடத்தில் ஒரு தீயணைப்பானும் வைத்தால் இந்த இரண்டுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு.

எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, அதற்கு ஆர்வம் ஏற்கெனவே உங்களிடம் நிறைய இருக்கும். வால்வ் இடைவெளி 0.25 மி.மீ., அதைச் சரிசெய்து, டைமிங் பார்த்து, அதற்கப்புறம்தான் எஸ்.யூ. கார்புரேட்டரைத் தொட வேண்டும், நிறைய பேர் தலைகீழாகச் செய்துவிட்டுக் கார்புரேட்டரைத் திட்டுகிறார்கள். ஒரே ஒரு சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள், குறிப்பாகக் கடைசி மாடலான 1500இன் எஞ்சினில். எஞ்சினை நிறுத்தி வைத்து, ஒருவர் கிளட்ச்சை மிதிக்க, மற்றவர் முன்பக்க கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். கிராங்க் முன்பின் நகர்வது 0.1 முதல் 0.2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், அது டயல் கேஜ் இல்லாமல் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. வெறும் கண்ணுக்கே நன்றாக முன்னும் பின்னும் போவது தெரிந்தால், அந்த நகர்வைத் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. அது அரைவட்டத் துண்டு, மேலும் தேய்ந்தால் கழன்று எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தட்டான சம்ப்பில் விழும், கிராங்க் எஞ்சின் பிளாக்கையே அரைக்கத் தொடங்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் சம்ப்பைக் கழற்றி மாற்றிவிடலாம், எஞ்சினை இறக்க வேண்டியதில்லை. சிக்னலில் கிளட்ச்சை மிதித்துக்கொண்டே நிற்கும் பழக்கம்தான் இதைத் தேய்க்கிறது, நியூட்ரலுக்குப் போங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு, விலக்கு இருந்தாலும் விருப்பப்பட்டு எம்.ஓ.டி.க்குக் காரை அனுப்பலாம். அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டுதான். முன்பதிவு செய்யும்போதே டிரன்னியன் தெரிந்த, பழைய கார் பார்த்துப் பழகிய சோதகர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுப் போங்கள், சில் பக்கம் ஜாக்கி வைக்க வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள்.