‘ஸ்பீக்கர்’ என்ற சொல்லும் அதன் தமிழும்

அவையில் மற்றவர்களைப் பேசவிட்டுத் தான் விவாதத்தில் கலவாதிருப்பவருக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்பீக்கர்’, அதாவது பேசுபவர் என்று பெயர் வந்த கதை 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தொடங்குகிறது. மாவட்டங்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் வந்த பொதுமக்களவையினர் தனியே கூடி ஆலோசிப்பர். அவர்களது முடிவை அரசர் முன்னும் பிரபுக்கள் முன்னும் எல்லார் சார்பிலும் எடுத்துரைக்க ஒருவர் தேவைப்பட்டார்.

1376இல் அந்தப் பொறுப்பை ஏற்றவர் ஹெரிஃபோர்ட்ஷயர் உறுப்பினர் சர் பீட்டர் டி லா மேர். உறுப்பினர்களில் சிலரை மட்டும் உள்ளே விட்டுக் கதவை அடைத்துவிட, எஞ்சியவர்களும் வரும்வரை அவர் வாய் திறக்க மறுத்தார். பின்னர் அரசருக்கு நெருக்கமானவர்கள் மீதே ஊழல் குற்றம் சாட்டினார். அதற்குப் பரிசாக நாட்டிங்ஹாம் கோட்டையில் சிறை கிடைத்தது.

ஆனால் அப்பொறுப்பின் பெயரோடு ஏட்டில் ஏறிய முதல் மனிதர் அவரல்லர். 1377 ஜனவரியில் கூடிய அடுத்த நாடாளுமன்றத்தின் பிரெஞ்சு மொழிப் பதிவேடுதான், வில்ட்ஷயர் உறுப்பினரான சர் தாமஸ் ஹங்கர்ஃபோர்டைப் பொதுமக்களவைக்காகச் ‘சொற்களை உடையவர்’ என்று குறிக்கிறது. ‘சர்’ பட்டம் பெற்ற இந்த நிலக்கிழார், அரசரின் மகனும் லங்காஸ்டர் கோமகனுமான ஜான் ஆஃப் கான்ட்டின் காரியஸ்தர். முந்தைய நாடாளுமன்றம் செய்தவற்றைக் கோமகன் கலைக்க முனைந்த வேளையில் அவருடைய ஆளே அவையின் வாயாக அமர்ந்ததால், ஹங்கர்ஃபோர்டு உடையவராயிருந்த சொற்கள் யாருடையவை என்ற ஐயம் எழாமல் இராது. 14 வயது கடந்தோர் மீது தலைக்கு 4 பென்ஸ் வரி விதிக்க இசைந்ததும் அதே நாடாளுமன்றந்தான். சாமர்செட்டில் ஃபார்லி என்னும் ஊரில் தம் மாளிகையை அரச அனுமதியின்றிக் கோட்டையாக்கி, 1383இல் அதற்கு மன்னிப்புப் பெற்ற அவர் 1397இல் இறந்து அங்கேயே அடக்கமானார்.

தமிழில் வழங்கும் ‘சபாநாயகர்’ வடசொல். அவையின் தலைவர் என்பது பொருள். தில்லை நடராசருக்கும் அதுவே திருநாமம். இலங்கையில் அச்சொல்லே நிலைத்திருக்க, தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ‘பேரவைத் தலைவர்’ என்கிறது. இரண்டும் இன்றைய பதவியைப் பெயர்க்கின்றனவேயன்றிச் சொல்லைப் பெயர்க்கவில்லை; இன்றைய பதவிக்குப் ‘பேரவைத் தலைவர்’ என்பதே பொருத்தம். ஹங்கர்ஃபோர்டோ அவைக்காகப் பேசியதால் பெயர் பெற்றவர். அவரைப் ‘பேச்சாளர்’ என்றால் மேடையும் ஒலிபெருக்கியுமே கண்முன் வரும். ‘அவை உரைப்பாளர்’ என்பது அவருக்கு இன்னும் நெருங்கி வருகிறது.